கொடுவாவின் கண்ணும் பவளாயியின் கால்விரலும்

அந்தக் காலத்தில் மீனும் பேசும், கொக்கும் பேசும், நண்டுகூட நடக்கிற வழியெல்லாம் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே போகும். வலை என்ற ஒன்றை யாரும் இன்னும் பின்னியிருக்கவில்லை. அலையாத்திக் காடு சூழ்ந்த ஒரு காயலின் கரையில் ஒரு குப்பம் இருந்தது. அந்தக் குப்பத்துக்குத் தெரிந்த மீன்பிடி ஒன்றே ஒன்றுதான். தோணியை நடுக்காயலில் நிறுத்து, நங்கூரக் கல்லைப் போடு, தூண்டில் முள்ளில் இறாலைக் குத்தி இறக்கு, வாயை மூடிக்கொண்டு உட்கார்.

இப்படி உட்காருவதில் சாத்தப்பனை மிஞ்ச ஆள் கிடையாது. மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தாலும் அதுவாகப் போகட்டும் என்று விட்டுவிடுவான். ஒருமுறை நீர்க்காகம் ஒன்று மரக்கட்டை என்று நினைத்து அவன் தலையில் இறங்கி, சிறகை விரித்துக் காயவைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதை அவன் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வான்.

அவன் பெண்டாட்டி பவளாயி நேர் எதிர். உலை கொதிக்கிறதா, கொதிக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தே அதைக் கொதிக்கவிடாமல் செய்கிறவள். ஆனால் ஒரு காரியத்தில் மட்டும் அவளுக்குப் பொறுமை உண்டு. அது விளக்கு. நினைத்தபோது நெருப்பு மூட்ட முடியாத காலம் ஆகையால் குப்பத்துக்கே ஒரே விளக்குதான். அது அணையாமல் அவள் வீட்டில் எரிந்தது. எல்லா வீட்டு அடுப்பும் அதிலிருந்துதான் பற்றவேண்டும்.

கொடுவா மீனுக்கு அப்போது கண் இருந்ததே தவிர பார்வை இல்லை. சாம்பல் பூத்த கண். சேற்றுத் தண்ணீரில் மூக்கை நம்பித்தான் பிழைப்பு. இறால் வாசம் வந்தால் லபக். முள்ளோடு சேர்த்து லபக். சாத்தப்பன் போன்றவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பேர் வாங்கியதெல்லாம் அதனால்தான்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பவளாயி சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த வேகத்தில் தாலிக்கயிறு சட்டி விளிம்பில் மாட்டி அறுந்து, தாலி தண்ணீருக்குள் போய்விட்டது. அவள் இடுப்பளவுச் சேற்றில் இறங்கித் துழாவினாள். கிடைக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பெரிய கொடுவா ஒன்று பக்கத்தில் தலையைத் தூக்கியது.

"அக்கா, இதுவா பார். கிளிஞ்சல்னு நினைச்சு ஒரு தடவை துப்பிட்டேன்."

அதன் உதட்டில் தாலி தொங்கியது.

"இதுதான்! இதேதான்! உனக்கு என்ன வேணும் கேள். தந்தேன்."

"கேக்கிறதுக்கு முன்னாடியே தந்துட்டியா?"

"சொன்னா சொன்னதுதான். சீக்கிரம் கேள், உலை காயுது."

கொடுவா கொஞ்சம் தயங்கியது. "கண்ணு வேணும்க்கா. எதிரே இருக்கிறது மீனா வேரான்னு கடிச்சுப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறேன். பல்லெல்லாம் போச்சு. உன் வீட்டு விளக்கு தண்ணியிலே விழுந்து ஆடுதே, அந்த இடம் மட்டும் எனக்கு லேசாத் தெரியுது. அதிலே ரெண்டு துளி கொடு."

பவளாயி யோசிக்கவில்லை. குப்பமே வந்து நெருப்பு எடுத்துப் போகிறது, விளக்கு குறைந்தா போய்விட்டது? உள்ளே ஓடி விளக்கை எடுத்து வந்தாள். திரியின் நுனியால் கொடுவாவின் கண்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். சாம்பல் கலைந்து, அடியில் தணல் மாதிரி ஒன்று மினுங்கியது.

"சுட்டுதா?"

"கூசுதுக்கா. மூடலாம்னா இமை இல்லையே." அது சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "அடேயப்பா! உன் மூக்கு இப்படித்தான் இருக்குமா?"

"என் மூக்குக்கு என்ன குறைச்சல்? போ, போ" என்று விரட்டிவிட்டாள்.

கொடுவா நல்ல சுபாவம். தனக்குக் கிடைத்ததைத் தான் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. காயலில் இருந்த கொடுவா எல்லாவற்றின் கண்ணோடும் தன் கண்ணை உரசி வெளிச்சத்தைப் பற்றவைத்துவிட்டது.

வினை அங்கே ஆரம்பித்தது. அந்த வருடம் காயலின் முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டுப் போனது. மடவையும் கெளுத்தியும் அதற்கு முன்னாலேயே கடலுக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தது கொடுவா மட்டும்தான். அதற்கோ இப்போது எல்லாம் தெரிந்தது. இறால் தெரிந்தது, இறாலுக்குள் முள் தெரிந்தது, முள்ளுக்கு மேலே கயிறு தெரிந்தது, கயிற்றுக்கு மேலே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாத்தப்பனும் தெரிந்தான்.

"வாங்க மாமா" என்றது கொடுவா, தோணிக்குப் பக்கத்தில் தலையைத் தூக்கி. "முள்ளு நுனி மழுங்கிக் கிடக்கு. தீட்டிட்டு வரக்கூடாதா?"

சாத்தப்பன் அசையவில்லை. அசைந்தால் மீன் ஓடிவிடும் என்பது அவன் நம்பிக்கை. மீன் அவனோடு பேசிக்கொண்டிருந்தபோதும்கூட.

"எல்லாம் அக்கா கொடுத்த வெளிச்சம் மாமா. மகராசி, நல்லா இருக்கணும்."

சுற்றி நின்ற தோணிகளில் இருந்தவர்கள் காதிலும் அது விழுந்தது. குப்பத்துக்கு விஷயம் வர எவ்வளவு நேரம் ஆகும்? அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சமைக்க ஒன்றும் இல்லாதபோது நெருப்பு எதற்கு? பவளாயி வீட்டு வாசலுக்கு யாரும் வரவில்லை. பிள்ளைகள் அலையாத்திக் காய்களை அவித்துத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தன.

ஊர்க்கூட்டத்தில் நாட்டாண்மை வைரவன் சுற்றி வளைக்கவில்லை.

"விளக்கை உன்னை நம்பிக் கொடுத்தது ஊர். அதை மீனுக்குக் கொடுக்க நீ யார்? நாளைக்குப் பொழுது இறங்கறதுக்குள்ளே ஒரு கொடுவாவாவது கரைக்கு வரணும். வரலேன்னா நீ குப்பத்தை விட்டுப் போயிடணும்."

"தாலிக்குப் பதில் கொடுத்தேன்."

"யோசிச்சுக் கொடுத்தியா?"

பவளாயி திரும்பிச் சாத்தப்பனைப் பார்த்தாள். அவன் வழக்கம்போல அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் பவளாயியே தோணியைத் தள்ளிக்கொண்டு போனாள். தூண்டிலில் குத்த இறால் இல்லை. தோணி விளிம்பில் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தது.

"ஒரு இறகு கொடு."

"நேத்து என்னைக் கல்லால அடிச்சு விரட்டினியே" என்றது கொக்கு.

"இன்னைக்கு அடிக்கலையே. கொடு."

கொக்கு முறைத்துக்கொண்டே ஒரு வெள்ளை இறகைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பறந்தது. அதை முள்ளோடு சேர்த்து நூலால் சுற்றினாள். இறகு மிதக்காமல் இருக்க, கயிற்றில் கொஞ்சம் மேலே, துளை போட்ட ஓட்டுச் சில்லு ஒன்றைக் கட்டினாள். நங்கூரம் போட்டாள், தூண்டிலை இறக்கினாள். சாத்தப்பன் கயிற்றை விரல் நுனியில் தொட்டுக்கொண்டே இருப்பான். அவளுக்கு அந்தப் பொறுமை எங்கே? கயிற்று நுனியைக் கால் பெருவிரலில் சுற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெயில் ஏறி இறங்கியது. பொழுது சாயப்போகும் நேரம் அந்தப் பெரிய கொடுவா வந்தது.

"என்னக்கா, நீ வந்திருக்கே? மாமா எங்கே?"

"நீ கடிச்சாத்தான் நான் குப்பத்துல இருக்க முடியும்."

"அது முள்ளுக்கா. கொக்கு இறகைச் சுத்தி வெச்சிருக்கே. தெரிஞ்சுக்கிட்டே எப்படிக் கடிக்கிறது?" அதன் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டது.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "உனக்குப் போய்க் கண்ணைக் கொடுத்தேன் பார், என்னைச் சொல்லணும்!" என்று எழுந்து நங்கூரத்தைத் தூக்கினாள், கழியை ஊன்றினாள், ஒரே தள்ளு. அந்தக் கோபத்தில் தூண்டிலை இழுத்துச் சுருட்டவேண்டும் என்பதே நினைவில்லை. அது பாட்டுக்குத் தோணியின் பின்னால் இழுபட்டு வந்தது. அவள் திட்டிக்கொண்டே தள்ளினாள். எதிரில் கிளிஞ்சல் மேடு வந்தது. தோணி தரைதட்டாமல் இருக்கச் சட்டென்று ஒரு பக்கமாக வளைத்தாள். வளைவில் கயிறு தொய்ந்தது. இறகு கொஞ்சம் அமிழ்ந்தது. தோணி நிமிர்ந்ததும் கயிறு மறுபடி இறுகி, இறகு துள்ளிக்கொண்டு ஓடியது, பயந்த மடவைக்குஞ்சு மாதிரி.

பெருவிரலை யாரோ பிடுங்கிக்கொண்டு போவதுபோல இருந்தது. பவளாயி மல்லாந்து விழுந்தாள்.

எழுந்து, வலது கையும் இடது கையுமாகக் கயிற்றை இழுத்து வந்தால், முனையில் அந்தக் கொடுவா! வாயோரம் முள் ஏறியிருந்தது.

"அக்கா! நீயா?"

"நான்தான். பார்த்துத்தானே கடிச்சே?"

"பார்க்க எங்கேக்கா நேரம் இருந்தது? வெள்ளையா ஓடுச்சு. துரத்திட்டேன்." அதற்கே ஆச்சரியமாக இருந்தது. "நின்னா பார்க்கலாம். ஓடுறதை எப்படிப் பார்க்கிறது?"

இதைத் தூக்கித் தோணிக்குள் போட்டால் போதும். குப்பம், வீடு, விளக்கு எல்லாம் அவளுக்குத் திரும்பிவிடும். பவளாயி கழியை எடுத்தாள். புதுக்கயிற்றில் கோத்த தாலி கழுத்தில் உறுத்தியது.

"தாலியைப் பத்தி நான் பேசமாட்டேன்க்கா" என்றது கொடுவா.

"பேசிட்டியே!"

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஒரு காரியத்தை நின்று யோசித்தாள். பிறகு கழியை வைத்தாள்.

"விட்டுடறேன். நடந்ததை யார்கிட்டேயும் சொல்லாதே."

"அது மட்டும் முடியாதுக்கா. என் சனம். சொல்லாம எப்படி இருக்கிறது?"

பொய் சொல்லியிருந்தால் அடித்திருப்பாள். அது பொய் சொல்லவில்லை. முள்ளைக் கழற்றினாள். கொடுவா வாலை ஒரு அடி அடித்து அவள் முகத்தில் தண்ணீரைத் தெறித்துவிட்டு அமிழ்ந்தது.

சொன்னபடியே செய்தது. தோணிக்கு அடியிலேயே கூட்டத்தைக் கூட்டியது. மங்கிய தண்ணீரில் கண்கள் வந்து கூடுவதைப் பவளாயி மேலிருந்து பார்த்தாள்.

"எல்லாரும் கேளுங்க. வெள்ளையா ஒண்ணு ஓடும். அது மீன் இல்லை. கொக்கு இறகு, உள்ளே முள்ளு. ஓடுதேன்னு யாரும் துரத்தக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, புரிஞ்சுது" என்று எல்லாக் கண்களும் ஆடின. "இதுகூடத் தெரியாதா எங்களுக்கு?" என்று தடித்த குரல் ஒன்று கேட்டது.

அவ்வளவுதான், முடிந்தது என்று பவளாயி கரைப் பக்கம் பார்த்தாள். குப்பமே நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளிச் சாத்தப்பன். அவன் தலையில் ஒரு மூட்டை. அவளுடைய சட்டிபானை அதில் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் அவனுடைய துண்டும் தொங்கியது. மனிதன் நேற்று வாயைத் திறக்கவில்லையே தவிர, கூட வருவதாக முடிவு செய்திருக்கிறான்.

அதைப் பார்த்ததும் அவளுக்கு வீம்பு வந்தது. எப்படியும் கரைக்குப் போகிற வழிதானே என்று இறகைப் பின்னால் விட்டாள். கயிற்றைப் பெருவிரலில் சுற்றினாள். இந்தமுறை தெரிந்தே தோணியை வளைத்தாள், ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். வளைவில் இறகு அமிழ்ந்தது, நிமிர்வில் துள்ளி ஓடியது.

இரண்டாவது வளைவு திரும்பி முடிக்கவில்லை, அதற்குள் கயிறு வெட்டி இழுத்தது. முதலில் விட்டதைவிடப் பெரிய கொடுவா. தோணிக்குள் விழுந்து துடித்தபோது குரலைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இதுகூடத் தெரியாதான்னு கேட்டது நீதானே?"

"தெரியும்" என்றது அது. "ஆனா ஓடுச்சே!"

கரை சேர்ந்ததும் நாட்டாண்மை மீனைப் பார்த்தார், பவளாயியைப் பார்த்தார், ஒதுங்கி வழிவிட்டார். பெண்கள் அவள் வீட்டு விளக்கிலிருந்து நெருப்பு எடுக்க ஓடினார்கள். சாத்தப்பன் மட்டும் மூட்டையை இறக்காமல் நின்றான்.

"எந்த இடத்திலே நங்கூரம் போட்டே?"

"போட்டதைத் தூக்கிட்டேன்."

"அப்போ மீன் எப்படி?"

"ஓடினேன்."

அவன் மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தான். ஊரைவிட்டுப் போகவேண்டாம் என்ற சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும், இத்தனை காலம் உட்கார்ந்ததெல்லாம் வீணா என்ற வருத்தம் அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது.

அன்றைக்குப் பற்றிக்கொண்ட வழக்கம்தான். இன்றும் பொழுது சாயும் நேரத்தில் அந்தக் காயலில் கொடுவாவுக்குப் போகிறவர்கள் நங்கூரம் போடுவதில்லை. வெள்ளை இறகைக் கட்டி, கயிற்றைக் கால் பெருவிரலில் சுற்றி, தோணியை வளைத்து வளைத்துச் செலுத்துகிறார்கள். முதலில் கடிக்கிற கொடுவாவை, அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், திட்டிக்கொண்டே தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். அதுவும் போய்த் தன் சனத்திடம் தவறாமல் எல்லாவற்றையும் சொல்கிறது. கண்ணில் விளக்கு எரிய, எல்லாக் கொடுவாவும் கவனமாகக் கேட்டுத் தலையாட்டுகின்றன. அதற்குள் மேலே தோணி வளைகிறது.