தேன் குடிக்காத பூச்சி

மலையடிவாரத்து எலும்பு வைத்தியர் மரகதத்துக்கு வயது நாற்பது. அவரிடம் தொழில் படிக்க வந்த பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்திரண்டு. இவர் அவரை ‘அம்மா’ என்பார். அவர் இவரை ‘அண்ணே’ என்பார். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பொன்னுரங்கத்தின் ஊர் மலைமேல் இருந்தது. அங்கே வைத்தியர் கிடையாது. அவரை வரச்சொல்லி மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். கடைசியாக வந்தவர், வழுக்கி விழுந்த ஒருத்திக்கு உடைந்த கை கோணலாகவே கூடிப்போனதைச் சொல்லிவிட்டுப் போனார்.

“எப்போ கிளம்புறீங்க அண்ணே?”

“நான் போயிருந்து, நானே கோணலாக்கியிருந்தா? இன்னும் கொஞ்சம் கத்துக்கிறேனே அம்மா.”

“ஒன்பது வருஷமாச்சு.”

“பதறாத காரியம் சிதறாதும்மா.”

பழமொழிக்கு மட்டும் அவரிடம் பஞ்சமே இல்லை.

ஒருநாள் கொய்யா மரத்தடியில் கட்டைவிரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு விழுந்து கிடந்தது. காக்கை கொத்துவதற்குள் பொன்னுரங்கம் அதை எடுத்துவந்து அட்டைப்பெட்டியில் வைத்தார். “இதைப் பிழைக்க வச்சே தீருவேன்” என்று சபதம் வேறு.

அது தின்ற தீனி இருக்கிறதே, அப்பப்பா! காலையில் கொய்யா இலை, உச்சியில் இலை, அந்தியில் இலை. அடைமழையிலும் மரம் ஏறினார் மனுஷர். மூன்றாம் வாரம் அது ஒரு குச்சியில் கூடு கட்டிக்கொண்டது. குச்சி சாய்ந்தது. உடனே, உடைந்த கைக்குக் கட்டுவதுபோல மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றிக் கட்டினார்.

மரகதம் அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை,” என்றார்.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலையில் கூட்டைவிட்டு அந்துப்பூச்சி வந்தது. விரித்த கையைவிடப் பெரிய செம்பழுப்புச் சிறகு. பொன்னுரங்கம் குதிக்காத குறைதான். பஞ்சைத் தேனில் நனைத்து அதன்முன் வைத்தார். தொடவில்லை. பழத்தைப் பிழிந்து வைத்தார். அதையும் தொடவில்லை. சாயங்காலம் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“பட்டினி கிடந்து செத்துருமே அம்மா! இவ்வளவு பாடுபட்டேனே!”

மரகதம் பூதக்கண்ணாடியை நீட்டினார். “வாய் எங்கே இருக்குன்னு பாருங்க.”

பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்தார்.

“வாயே இல்லையே!”

“இந்தப் பூச்சிக்குக் கிடையாது. தின்ன வேண்டியதைப் புழுவா இருக்கும்போதே தின்னு முடிச்சிருச்சு. இனி ஒரு வாரம்தான் உசுரு.”

“ஒரு வாரம் என்னம்மா பண்ணும்?”

“அதுக்கு வேலை இருக்கு. ஜன்னலைத் திறங்க.”

திறந்தார். பூச்சி சிறகை நடுக்கி நடுக்கி எழும்பியது. சட்டத்தில் ஒருதரம் மோதியது. பிறகு கொய்யா மரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

பொன்னுரங்கம் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அம்மா, அந்தத் தோள்பட்டைக் கட்டு மட்டும் இன்னொரு தடவை...”

“மலைக்கு முதல் பஸ் காலையில அஞ்சே முக்காலுக்கு அண்ணே,” என்றார் மரகதம்.