பாபுவுக்கு எங்கே வலிக்கிறது

நர்சிங் கல்லூரிப் பயிற்சி அறையில் ஒரு கட்டில். கட்டிலில் பாபு. ஆறு வயதுப் பொம்மை. அவனுக்குக் குரல் கொடுப்பவர் ஆசிரியை செல்லக்கனி. மைக்கோடு தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். ஸ்பீக்கர் தலையணைக்கு அடியில் இருக்கும்.

மாணவிகளுக்குத் தேர்வு இதுதான்: பாபுவுக்கு எங்கே வலி என்று அவனிடம் பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டால் திங்கட்கிழமை முதல் குழந்தைகள் வார்டு. இல்லாவிட்டால் ஜூனியர்களோடு மறுபடியும் இதே அறை. வடிவு ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள்.

அவள் ஊசி மருந்துத் தட்டும் கையுமாக உள்ளே வந்ததுமே பாபு வீறிட்டான். அவனுடைய அம்மாவாக நடித்த தோழி ரெஜினா, எல்லா வீட்டிலும் சொல்வதைத்தான் சொன்னாள்.

"அழுதா இந்த அக்கா பெரிய ஊசியாப் போட்டுடுவாங்க."

வடிவும் பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டாள். "ஆமா, போட்டுடுவேன்."

அழுகை சட்டென்று நின்றது. வடிவுக்கு அப்பாடா என்றிருந்தது. வயிறு வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான். தலை? இல்லை. காது? அதுவும் இல்லை. காலையிலிருந்து சுருண்டு கிடந்த பிள்ளை என்று புலம்பிய ரெஜினா, ஒன்றுமில்லை என்றால் கூட்டிப் போகிறேன், வீட்டில் உலை கொதிக்கிறது என்று கிளம்பவே எழுந்துவிட்டாள்.

வடிவு தட்டிப் பக்கம் திரும்பினாள்.

"மேடம், அழுகையைத்தான் நிறுத்திட்டேனே. அப்புறமும் ஏன் சொல்ல மாட்டேங்கிறான்?"

பதில் பாபுவின் குரலில்தான் வந்தது.

"வலிக்குதுன்னு சொன்னாலும் ஊசிதானேக்கா?"

வடிவு தட்டை மேசையில் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, தலையணை உயரத்துக்கு முகம் வரும்படி குனிந்து உட்கார்ந்தாள்.

"பாபு, அக்கா சொன்னது பொய். அழறதுக்கு இங்க ஊசியே கிடையாது. உன் வலிக்கு என்ன மருந்துன்னு டாக்டர்தான் சொல்வாங்க. ஊசின்னா, உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போடுவேன். கொஞ்சம் வலிக்கும். அப்ப நீ அழுதுக்கலாம்."

ரெஜினா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். வடிவு கையமர்த்தினாள். தானும் திரும்பக் கேட்கவில்லை. பொம்மையின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தலையணைக்கு அடியிலிருந்து குரல் மெல்ல வந்தது.

"தொப்புள்கிட்டக்கா. ராத்திரியிலேருந்து வலிக்குது. அம்மாகிட்டகூட சொல்லலை."