இரண்டு இடிமேளம் வந்த கல்யாணம்

அந்தக் காலத்தில் தவளைகள் கத்துவதில்லை, மேளம் வாசித்தன. தொண்டைதான் மேளம். காட்டில் யார் வீட்டு விசேஷமானாலும் குளத்துக்கு ஆள் அனுப்பி, வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். வெற்றிலை வாங்கிய மேளம் வாசிக்காமல் திரும்பினால், அதற்குப் பிறகு அதை ஒருவரும் அழைக்க மாட்டார்கள். ஒரு பந்தலில் ஒரு மேளம்தான் ஒலிக்கலாம். இரண்டும் மாறாத வழக்கம்.

கோரைக்குளத்தில் நல்லமாடன் என்றொரு பெரிய தவளை இருந்தான். அவனையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் கொண்ட மேளம். அதற்கு இடிமேளம் என்று பெயர். ஓர் ஐப்பசி மாதத்தில் தலைக்கு நேரே இடி இடித்துக் குளமே நடுங்கியபோது, அவன் தானாக யோசித்து வைத்த பெயர். உலகத்தில் வேறு எவருக்கும் இது தோன்றியிருக்காது என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டான். ஆனால் யாராவது "இடிமேளமா வருது?" என்று கேட்டால், அவன் தொண்டை விரற்கடை அளவு கூடுதலாக உப்பும்.

ஒரு வருஷம் நரிக்கும் காக்காய்க்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. வெயிலும் மழையும் சேர்ந்திருக்கும் நேரம்தான் முகூர்த்தம். அது அதிக நேரம் நிற்காது. நரி வீட்டார் மைனாவிடம் வெற்றிலையைக் கொடுத்து, "இடிமேளத்துக்குச் சொல்லிவிட்டு வா" என்றார்கள். மைனா அதைக் கோரைக்குளத்தில் நல்லமாடன் கையில் கொடுத்தாள். அது தெரியாமல் காக்காய் வீட்டாரும் ஓணானிடம் அப்படியே சொல்லி அனுப்பினார்கள். ஓணான் போனது பாசிக்குட்டைக்கு. அங்கேயும் ஓர் இடிமேளம் இருந்தது.

கல்யாணத்தன்று நல்லமாடன் பந்தலுக்குள் நுழைந்தபோது, மேளக்காரர்கள் உட்காரும் இடத்தில் பொடித் தவளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுவில் அவர்களுடைய தலைவி காத்தாயி.

"யாரம்மா நீங்க?" என்றான் நல்லமாடன்.

"இடிமேளம்."

"நாங்கதானே இடிமேளம்."

காத்தாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணன் உடம்பைப் பார்த்து, பூசணிக்காய் இறக்க வந்திருக்காங்கன்னுல்ல நினைச்சேன்."

"உன் ஆளுங்க வாசிச்சா இடி மாதிரியா இருக்கும்? கடுகு தாளிச்ச மாதிரி இருக்கும், தாயி. பேரை எங்கேயிருந்து எடுத்த?"

"எடுக்கிறதுக்கு அது என்ன உங்க வீட்டுப் பரணிலயா கிடந்தது? எங்க குட்டை மேல இடி இடிச்சது. வச்சோம்."

மாப்பிள்ளையின் தாய்மாமன் கிழநரி இருவரையும் விசாரித்தார். இருவர் கையிலும் வெற்றிலை இருந்தது. "ரெண்டு இடத்தில் வெற்றிலை வச்சது எங்க தப்புதான். ஆனா பந்தல் ஒண்ணு. நீங்களே பேசி, யாராவது ஒருத்தர் விலகிக்குங்க" என்றார்.

விலகுகிற மேளம் அன்றோடு ஒழிந்தது. இருவரும் அசையவில்லை.

அதற்குள் வெயிலோடு தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. தாலியை எடுத்து வைத்துக்கொண்டு புரோகிதர் கொக்கு ஒற்றைக் காலில் நின்றார். கெட்டிமேளம் கொட்டாமல் தாலி கட்ட முடியாது. "சீக்கிரம் ஆகட்டும். காத்து முதுகைத் தள்ளுது" என்றது மேலேயிருந்து மேகம்.

அப்போது விருந்தாளிகள் நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வருஷாவருஷம் வடக்கே பனிக்காட்டிலிருந்து பறந்து வரும் ஊசிவால் வாத்துதான் சிரித்தாள்.

"இந்த ரெண்டுக்கேவா சண்டை? பனிக்காட்டுச் சதுப்பில் ஓர் இடிமேளம் இருக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் தீவில் ஒண்ணு. வர்ற வழியில் மலை ஏரியில் ஒண்ணு. நான் இறங்கின இடத்தில் மட்டும் எட்டு. எல்லாரும் தங்களுக்குத்தான் முதலில் தோணுச்சுன்னு சொல்றாங்க. இடி எல்லார் தலைமேலயும்தானே இடிக்குது?"

நல்லமாடன் எண்ணிப் பார்த்தான். எட்டோடு இந்த இரண்டு. அவள் இறங்காத குளங்கள் எத்தனையோ. மெல்லக் கேட்டான்: "அதில் யார் நல்லா வாசிக்கிறாங்க?"

"அதைச் சொல்லிட்டு அடுத்த வருஷம் நான் எந்தக் குளத்தில் இறங்குறது?" என்றாள் வாத்து.

பந்தலில் சிரிப்பு எழுந்தது. காத்தாயி அதற்குக் காத்திருக்கவில்லை; வாசிப்பை எடுத்துவிட்டாள். விட்டால் போயிற்று என்று நல்லமாடனும் எடுத்தான். இரண்டு மேளமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, சந்தையில் பானை வண்டி கவிழ்ந்ததுபோல் ஆயிற்று. கொக்கு சொன்ன மந்திரம் அவருக்கே கேட்கவில்லை. மணப்பெண் காக்காய், "அப்பா, நம்ம மரத்துக்கே போயிடலாம்" என்று எழுந்துவிட்டாள். தூறல் இளைத்துக்கொண்டே வந்தது.

பெயரும் போய், கல்யாணமும் நின்றால் யாருக்கு என்ன மிச்சம்? நல்லமாடன் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தான். நடு வாசிப்பில், உப்பிய தொண்டையை அப்படியே அடக்கினான். அவன் ஆட்கள் திகைத்து அடங்கினார்கள்.

அப்போதுதான் அவன் காத்தாயியின் வாசிப்பை முதன்முதலாகக் கேட்டான். அது தலைக்கு மேல் இடிக்கும் இடி அல்ல. இடித்த பிறகு மலைப்பக்கமாகக் குடுகுடுவென்று உருண்டு போகிற இடி. அதுவும் இடிதான். அவனுக்கு அது தோன்றியதேயில்லை.

காத்தாயி மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியில் நல்லமாடன் ஓங்கி அடித்தான். அவள் விழித்தாள். பிறகு அவன் முடிக்கும்வரை பொறுத்திருந்து, அங்கிருந்து உருட்டிக்கொண்டு போனாள். அவள் விட்ட இடத்தில் அவன். அவன் விட்ட இடத்தில் அவள்.

"கட்டு, கட்டு" என்றார் கொக்கு. தாலி ஏறியது. மேகம் நிம்மதியாக நகர்ந்து போயிற்று.

"வழக்கம் தப்பலை. ஒரு நேரத்தில் ஒரு மேளம்தான் ஒலிச்சுது" என்றார் கிழநரி. சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு மேளக்காரர்களும் கலந்து உட்கார்ந்தார்கள். "இனிமே எப்படிக் கூப்பிடுறது?" என்று காக்காய் வீட்டார் கேட்டார்கள்.

"நான் கோரைக்குளம் இடிமேளம்" என்றான் நல்லமாடன். பெயர் முன்பைவிடச் சற்று நீளமாக, வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது.

"அண்ணே, பாயசம் இந்தப் பக்கம் வரட்டும். நாங்க பாசிக்குட்டை இடிமேளம்" என்றாள் காத்தாயி.

வாத்து அந்தச் செய்தியைப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். அன்று முதல்தான் எத்தனை ஊரில் ஒரே பெயரில் மேளம் இருந்தாலும் ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு சண்டையில்லாமல் பிழைக்கிறார்கள். மழைக்காலத்தில் ஒரு குளத்துத் தவளைகள் வாசிக்கும்போது அடுத்த குளத்துத் தவளைகள் வாய்மூடிக் கேட்டிருந்து, அவை மூச்சு வாங்கும் இடத்தில் எடுக்கின்றன.