வண்ணம் பூசிய ஐந்து முட்டைகள்

புரசங்காட்டுக் கரடி மூக்காயிக்கு அன்று கால் தரையில் படவில்லை. மறுநாள் வசந்த விழா! விழாவுக்குக் கேக் சுடுவது அவள் பொறுப்பு.

போன வருஷம் அவள் சுட்ட கேக் இருக்கிறதே, அதைக் கடித்த முயலுக்குப் பல் ஆட்டம் கண்டுவிட்டது. குரங்குகள் அதை மலைச்சரிவில் உருட்டி விளையாடின. மூக்காயிக்கு மானமே போயிற்று. இந்தத் தடவை கேக் பஞ்சு மாதிரி வந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"கேக்குக்கு யார் உசத்தியான பொருள் கொண்டு வர்றாங்களோ, அவங்கதான் நாளைக்குக் கேக்கை வெட்டணும்! முதல் துண்டும் அவங்களுக்குத்தான்!" என்று காடெங்கும் சொல்லி அனுப்பினாள்.

இதைக் கேட்டதும் கீரி வீரணனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கேக்குக்காக மட்டும் இல்லை. அவனைக் கண்டாலே எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு நாளாவது ஊரே கைதட்ட நடுவில் நிற்க வேண்டும் என்று அவனுக்கு ரொம்ப நாளாக ஆசை. ஆனால் உழைத்துத் தேடுவதற்கு மட்டும் உடம்பு வணங்காது!

குளத்தங்கரைப் புல்லுக்குள் கௌதாரி செவந்தி ஐந்து முட்டைகளை அடைகாத்து வந்தாள். தினமும் உச்சி வேளையில் அவற்றைச் சருகால் மூடிவிட்டு இரை தேடப் போவாள். அன்று அவள் அந்தப் பக்கம் போனதும், வீரணன் இந்தப் பக்கம் வந்தான். ஐந்தையும் சுருட்டினான்.

விழா மாதத்தில் யாரும் யார் கூட்டிலும் கை வைக்கக் கூடாது என்பது அந்தக் காட்டுச் சட்டம். மாட்டினால் தோலை உரித்துவிடுவார்கள். அதனால் அந்தக் களவாணி என்ன செய்தான் தெரியுமா? ஒரு முட்டையில் புரசம்பூவைத் தேய்த்தான். ஒன்றில் மஞ்சள் கிழங்கு, ஒன்றில் சங்குப்பூ, ஒன்றில் கோவைப்பழம், கடைசி முட்டையில் பசலைப்பழம். ஐந்தும் ஐந்து நிறமாக மின்னின. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது!

அவற்றை இலையில் வைத்து மூக்காயியிடம் கொண்டுபோய் நீட்டினான்.

"யாத்தே! எவ்வளவு அழகு!" என்று மூக்காயி வாயைப் பிளந்தாள். "முட்டை போட்டா கேக் உப்பி வரும்னு சொல்லுவாங்களே! ஏது தம்பி இது?"

"குளத்துல இருந்த நீர்க்கோழி வேற ஊருக்குப் போகும்போது விட்டுட்டுப் போனதுக்கா."

மூக்காயி ஒன்றைக் கையில் எடுத்தாள். "என்னப்பா, சூடா இருக்கு?"

"வெயில்ல கிடந்துச்சுல்ல!"

அவளுக்குத் துணுக்கென்றுதான் இருந்தது. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் பஞ்சு போன்ற கேக் கண் முன்னால் நின்றதே! கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து செவந்தி வந்து சேர்ந்தாள். கேக்குக்குப் புல்லரிசி தருவதாக முன்பே சொல்லியிருந்தாள். இரை தேடப் போன இடத்தில் அதையும் பொறுக்கிக்கொண்டு நேராக இங்கேதான் வருகிறாள். பாவம், வீட்டில் நடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

"வா தங்கச்சி! நம்ம வீரணன் கொண்டு வந்ததைப் பாரு!"

செவந்தி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "ஐயோ, என்ன நிறம், என்ன நிறம்! அந்த நீல முட்டை கண்ணுக்குள்ளேயே நிக்குதுக்கா!"

வீரணன் மீசைக்குள் சிரித்துக்கொண்டான்.

மூக்காயி சட்டியில் மாவையும் தேனையும் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். "சீக்கிரம் உடைக்கா, அடுப்பு ஆறிடப் போகுது!" என்று அவசரப்படுத்தினான் வீரணன். அவள் நீல முட்டையை ஒரு கையில் எடுத்தாள். மறு கையில் கல்லை ஓங்கினாள்.

செவந்தி பக்கத்தில் உட்கார்ந்து புல்லரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அடைகாக்கும்போது முட்டைகளிடம் மெல்லக் குரல் கொடுத்துப் பேசுவது அவள் வழக்கம். வேலை மும்முரத்தில் அதே குரல் தன்னையறியாமல் வந்தது. "க்ர்ர்... க்ர்ர்..."

"கீச்!"

ஓங்கிய கல் அந்தரத்தில் நின்றது.

"யாரு அது?" என்றாள் மூக்காயி.

"காத்துக்கா! மூங்கில்ல காத்து! நீ உடை!" என்று வீரணன் துடித்தான்.

செவந்தியின் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. நடுங்கிய குரலில் இன்னொரு முறை கூப்பிட்டாள். "க்ர்ர்..."

"கீச்! கீச்! கீச்! கீச்! கீச்!" ஐந்து முட்டைகளும் பதில் சொல்லின.

"என் பிள்ளைங்க! ஐயோ, என் பிள்ளைங்க!" என்று செவந்தி பாய்ந்து சிறகால் மூடிக்கொண்டாள்.

வீரணன் நைசாக நழுவப் பார்த்தான். மூக்காயி அவன் வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினாள். செவந்தி பறந்து வந்து அவன் மூக்கிலேயே நாலு கொத்துக் கொத்தினாள். "கைதட்டு வாங்கணும்னு ஆசைக்கா! வேற ஒண்ணுமில்லக்கா!" என்று அவன் ஊளையிட்டான். "போடா அந்தாண்ட! விழா முடியற வரைக்கும் இந்தப் பக்கம் தலை காட்டினே, தோலை உரிச்சிடுவேன்!" என்று மூக்காயி அவனை விரட்டினாள்.

பிறகு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "சூடா இருந்துச்சு தங்கச்சி. என் கைக்குத் தெரிஞ்சுது. கேக்காம விட்டுட்டேனே! இன்னும் ஒரு நொடி போயிருந்தா..."

செவந்திக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் அழுகைதான் ஜெயித்தது. இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு முட்டைகளுக்கு அங்கேயே சருகால் மெத்தை போட்டார்கள். செவந்தி ஏறி உட்கார்ந்தாள். மூக்காயி காவலுக்கு நின்றாள். சட்டியில் கிடந்த மாவை யாருமே நினைக்கவில்லை.

பொழுது விடியும்போது ஐந்து குஞ்சுகளும் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. ஒன்றுக்கும் ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் மூக்காயிக்குச் சட்டி ஞாபகம் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், மாவு புளித்துப் பொங்கிச் சட்டி விளிம்பைத் தாண்டி நிற்கிறது! அதை ஐந்து பங்காக்கி, பூச்சாறும் பழச்சாறும் மஞ்சளும் தனித்தனியாகக் கலந்து அடுப்பில் வைத்தாள். முட்டையே இல்லாமல், ஐந்து நிறத்தில், தொட்டால் அமுங்குகிற கேக் வந்தது. விழாவில் குரங்குகள் துண்டு கேட்டு முதல் ஆளாக வரிசையில் நின்றன.

மூக்காயி முதல் துண்டைச் செவந்தியிடம் நீட்டினாள். "இந்தா தங்கச்சி, சாப்பிடு."

செவந்தி அதை வாங்கிக்கொண்டு, "இதுல என்னென்ன போட்டேக்கா? எல்லாம் யார் கொடுத்தது?" என்று கேட்டாள்.

மூக்காயி ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகுதான் செவந்தி ஐந்து குஞ்சுகளுக்கும் கிள்ளிக் கிள்ளி ஊட்டினாள்.

ஆகவே பிள்ளைகளே, நமக்குக் கிடைக்கிற பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று முழுதாக விசாரிக்காமல் கை நீட்டி வாங்கக் கூடாது.