குலசேகரனின் முதுகு

"எனக்குக் கோபம் வரமாட்டேங்குது, டைரக்டரம்மா" என்றார் வேதமுத்து.

காலையிலிருந்து ஒரே காட்சியைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டைரக்டர் தமயந்திக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் எல்லோரிடமும் அவளைத்தான் தன் குரு என்று சொல்வார். நாடகக்காரரான அவருக்கு, கேமரா முன்னால் நிற்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்.

படம், ஒரு பழைய மர்ம நாடகத்தின் மறு ஆக்கம். ஜென்மப் பகையான இரண்டு வக்கீல்கள், பூட்டிய பங்களாவுக்குள் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் மூத்தவர் இளையவரைச் சுட்டுவிடுகிறார். காலையிலிருந்து எடுப்பது அந்தக் காட்சியைத்தான்.

மேடையில் இளைய வக்கீலாக நடித்தவர் வேதமுத்து. படத்தில் அவருக்கு மூத்தவர் வேஷம். இளையவர், அஷ்வந்த் என்ற புதுமுகம்.

"மேடையில உங்களைச் சுட்டது யாரு, ஐயா?" என்று கேட்டாள் தமயந்தி.

"குலசேகரன்." வேதமுத்துவின் முகம் கடுத்தது. "வெளியிலயும் எங்களுக்குள்ள ஆகாது. ஒரே வேன்ல ஊர் ஊராப் போவோம். பேச மாட்டோம். இப்ப மனுஷனும் போய்ச் சேர்ந்துட்டார்."

"அவர் சுடும்போது முகம் எப்படி இருக்கும்?"

"நான் எங்கே பார்த்தேன்மா? கண்ணை மூடிக்கிட்டு விழுந்துடுவேனே."

"அப்ப படுங்க."

தரையில் படுத்தார். கண்ணை மூடினார்.

"சுட்டாச்சு. இப்ப என்ன நடக்குது?"

"துப்பாக்கியைப் போட்டுட்டு வர்றார். மண்டி போடுறார். என் தலைக்கு அடியில கையை வெச்சுக்கிறார். திரை விழுற வரைக்கும் எடுக்க மாட்டார்."

"கதையில அப்படி இல்லையே. நின்னு சிரிக்கணும்."

"அதான் சொல்றேன். சாகிறவன் நான். ஜனங்க கைதட்டுறது அவருக்கு. அதுக்காகத்தானே பண்றார்? அதுலதான் எங்க பேச்சே நின்னுச்சு."

"அந்தக் கை ஜனங்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? அவங்க பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு உட்காருவார். விளக்கு வெளிச்சம்கூட என் கண்ணுல படாது. அவர் மூஞ்சியும் தெரியாது, கையும் தெரி..."

நிறுத்திவிட்டார்.



வேதமுத்து எழுந்திருக்கவில்லை. மூடிய கண்களிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. முகத்தைத் துடைக்க வந்த மேக்கப்காரரைத் தமயந்தி கைகாட்டி நிறுத்தினாள்.

வெகுநேரம் கழித்து அவரே எழுந்தார்.

"எடுக்கலாம்மா."

"சிரிப்பு?"

அவர் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கேமரா ஓடியது. வேதமுத்து சுட்டார். அஷ்வந்த் விழுந்தான். அவர் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வந்து, மண்டியிட்டு, அவன் தலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

கண்ணைத் திறக்காமலே அஷ்வந்த் கிசுகிசுத்தான்.

"ஐயா, உங்க கை நடுங்குது."

"நடுங்கட்டும்ப்பா" என்றார் வேதமுத்து. "நீ பேசாம படுத்திரு."