முந்நூறாவது மாடி வீட்டுக்காரி

கடலோரத்தில் கைவிடப்பட்ட ஓர் உப்புக் கிடங்கில் தில்லைநாயகி கட்டடக் கலை கற்பித்துவந்தார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் பெருந்தேவன் ஒருவர்தான் ஆசிரியையைவிட மூத்தவர். ஆனாலும் "அம்மா" என்றே அழைப்பார்.

ஒரு மாலை, தாம் வடிவமைத்த கோபுரத்தின் மாதிரியைச் சுமந்துவந்து நடுவில் நிறுத்தினார். முந்நூறு மாடி. உச்சி வீடுகளில் மழை பெய்யாது. மேகம் அவற்றுக்குக் கீழே போகும்.

"உலகத்திலேயே உயரம் இதுதான், அம்மா. நாளைக்குப் போட்டிக்குப் போகணும். நீங்க சரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன்."

"அனுப்பலைன்னா?"

"என் வயசுக்கு இன்னொரு கோபுரம் வராது."

உடன் படிக்கும் வாசுகி அண்ணாந்து பார்த்தாள். "அண்ணே, மேல் வீட்டுல ரசம் வச்சுட்டுக் கறிவேப்பிலை வாங்க இறங்கினா, வந்து சேர்றதுக்குள்ள ரசம் ஆறிடுமே."

"காத்து மாதிரி போற லிஃப்ட் தாயி. அடுப்பை அணைக்க வேண்டாம்."

தில்லைநாயகி கேட்டார். "லிஃப்ட் எவ்வளவு பெரிசு?"

"நாலு பேர் நிக்கலாம். அதுல சிக்கனம் பிடிச்சுத்தான் இவ்வளவு உயரம் போக முடிஞ்சது."

"தரையில வரைஞ்சு காட்டுங்க. அளவு குறையாம."

பெருந்தேவன் சாக்பீஸால் ஒரு சதுரம் வரைந்தார். தில்லைநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் போனார். பிறகு மல்லாந்து படுத்தார். முழங்காலுக்குக் கீழே எல்லாம் கோட்டுக்கு வெளியே கிடந்தது.

"என்னம்மா இது?"

"நான் மேல் வீட்டுக்காரி. காலையில போயிட்டேன். வாசல்ல பாடை கட்டி வச்சிருக்காங்க. என்னை இறக்குங்க."

பெருந்தேவன் சதுரத்தைச் சுற்றி வந்தார். மூலைக்கு மூலை படுக்கச் சொன்னார். அப்போதும் கால் வெளியே நின்றது.

"கொஞ்சம் மடக்கிக்குங்கம்மா."

"எனக்கு உயிர் இருக்கு. மடக்குறேன்."

மடக்கினார். "அவளால முடியாது."



"எங்க பெரியப்பாவை இப்படி ஒரு லிஃப்ட்லதான் இறக்கினாங்க," என்றாள் வாசுகி. "நிக்க வச்சு, ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சுக்கிட்டு. லிஃப்ட்ல கண்ணாடி இருந்தது. அவர் தன்னையே பார்த்துக்கிட்டு வர்ற மாதிரி இருந்தது."

பெருந்தேவன் மாதிரியின் உச்சியைக் கையால் தொட்டார்.

"படுக்க வைக்கிற அளவுக்கு லிஃப்ட் வச்சா, ஒவ்வொரு மாடியிலயும் அது இடத்தைத் தின்னும். மேலே பாதி மாடியை எடுக்கணும். அப்புறம் இது உலகத்துல உயரமானது இல்லை. நூத்துல ஒண்ணு."

"ஆமா."

"ஒரு மனுஷனுக்கு அது ஒரே ஒரு நாள், அம்மா. அந்த ஒரு நாளுக்காகப் பாதிக் கோபுரத்தை வெட்டச் சொல்றீங்களா?"

தில்லைநாயகி எழவில்லை. கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"உங்க கோபுரத்துல எத்தனை பேர் இருப்பாங்க?"

"எண்பதாயிரம் பேர். ஒரு ஊரே இருக்கும்."

"அப்படின்னா, அந்த ஒரு நாள் அங்கே தினமும் வரும்."