மையத்தில் வைக்கப்பட்ட மனிதர்

எழுதியதை எழுதியபடியே செய்து முடிப்பவர்கள் அருகிவரும் காலம் இது, அன்பர்களே. ஆயினும் ஓர் அப்பளக் கூடத்தில் அத்தகைய ஐந்து பேர் ஒன்றாக இருந்தார்கள். கோட்டைச்சாமி அவர்களின் மேஸ்திரி.

அவர்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனம், அப்பளத்தைப் பார்த்துத் தரம் சொல்லும் இயந்திரம் ஒன்றை அனுப்பியது. தேறினால் பச்சை விளக்கு, தேறாவிட்டால் சிவப்பு. கூடவே ஒரு கடிதம்: "தரம் நீடித்து நிற்க வேண்டும். மனிதரை மையத்தில் வைத்தே இயந்திரத்தை இயக்க வேண்டும். சனிக்கிழமை அதிகாரி வருவார். தயார்நிலை இல்லையேல் ஆர்டர் ரத்து."

ஆர்டர் போனால் ஐந்து வீட்டு அடுப்பும் எரியாது.

சனிக்கிழமை காலையில், கடிதத்தில் 'நிற்க வேண்டும்' என்றிருந்தபடி, படுத்துக் காய்ந்துகொண்டிருந்த அப்பளங்களைச் சுவரோரம் நிற்கவைத்தார்கள். பாதி நின்றது, பாதி நொறுங்கியது. கடமையில் கண்ணாயிருப்பது என்றால் இதுதான்.

அடுத்தது, இயந்திரத்தின் மையத்தில் வைக்க மனிதர்.

"நான் உட்காரட்டுமாண்ணே?" என்றான் ஐவரில் ஒருவனான வெள்ளைச்சாமி.

"நீ கூடாது," என்று தடுத்தாள் கூட வேலை செய்யும் பவுன்தாய். "'நீயெல்லாம் ஒரு மனுஷனா'ன்னு உன் பொண்டாட்டி தினம் கேக்குறா. ஒருநாளாவது பதில் சொல்லியிருக்கியா? மேஸ்திரியைத்தான் ஊரே தங்கமான மனுஷன்னு சொல்லுது."

கோட்டைச்சாமி கண்கலங்கியபடி இயந்திரத்தில் அப்பளம் நகரும் பெல்ட்டின் நட்டநடுவில் ஏறி அமர்ந்தார். இயந்திரம் அவரை உற்றுப் பார்த்தது. சிவப்பு எரிந்தது. திரையில் எழுத்துகள் வந்தன: "வட்டம் இல்லை. தடிமன் அதிகம். ஈரம் அதிகம்."

அவர் இடிந்துபோனார்.

"முழங்காலைக் கட்டிக்கிட்டுச் சுருண்டா வட்டம்தானேண்ணே?" என்றான் வெள்ளைச்சாமி.

"சுருண்டா தடிமன் கூடுமே, மடையா!" என்றாள் பவுன்தாய்.

"அப்ப ஈரத்தையாவது போக்குவோம்."

மொட்டைமாடியில் பாய் விரித்து, மேஸ்திரியை வெயிலில் காயப்போட்டார்கள்.

அதிகாரி ரெஜினா மேடம் வந்தார். நின்றுகொண்டிருந்த அப்பளங்களை ஒவ்வொன்றாக இயந்திரத்தில் வைத்தார். எல்லாம் பச்சை.

"பிரமாதம்! ஆர்டர் உங்களுக்குத்தான். மேஸ்திரி எங்கே?"

மாடிக்கு அழைத்துப் போனார்கள்.

"ஐயையோ! எந்திரிங்க ஐயா, அப்பளம் தேறிடுச்சு!" என்று பதறினார் அதிகாரி.

"அப்பளம் தேறிடுச்சு மேடம். நான் தேறலையே," என்றார் கோட்டைச்சாமி. "கடுதாசியில மனிதர்னுல்ல போட்டிருக்கு."

அதிகாரி குடையை விரித்து அவருக்குப் பிடித்தார். "ஐயா, மனிதரை மையத்தில் வைக்கிறதுன்னா, வேலை செய்யிறவங்க சொல்றதுக்குத்தான் முதல் மதிப்பு. இயந்திரமெல்லாம் அப்புறம்."

"அப்ப நான் சொல்றபடிதான் இங்க நடக்கணுமா?"

"கட்டாயமா."

கோட்டைச்சாமியின் முகம் மலர்ந்தது.

"அப்படின்னா குடையை மடக்குங்க மேடம். பவுன்தாயி, இந்தப் பக்கம் காஞ்சிருச்சு, என்னைத் திருப்பிப் போடு!"